சிறிய நாடுகளில் தலைக்குக் குடும்ப நுகர்வுச் செலவு: இந்த எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி: பாடக்குறிப்பு

அனைவருக்கும் வணக்கம். இளநிலைப் பொருளியல் மாணவர்களுக்கு வாழ்க்கைத்தரம் பற்றி இரண்டு வகுப்புகள் எடுக்க வேண்டியிருக்கிறது. வழக்கமான மொத்த உள்நாட்டு உற்பத்தியை இந்த முறை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆண்டொன்றுக்குத் தலைக்கு எவ்வளவு பணம் குடும்பங்கள் செலவழிக்கின்றன என்ற எண்ணைக் கொண்டு நாடுகளை ஒப்பிடலாம் என்று நினைத்தேன். உற்பத்தி என்றால் மாணவர்களுக்குத் தொழிற்சாலைதான் நினைவுக்கு வருகிறது, ஆனால் செலவு என்றால் அவரவர் வீட்டு மளிகைச் சீட்டு நினைவுக்கு வரும், ஆகவே எளிதில் பிடிபடும் என்று கணக்குப் போட்டேன்.

உலக வங்கியின் தரவுத்தளத்தில் 2015-ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் இந்த எண் கிடைக்கிறது. பெரிய நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு மிகுதி என்பதால், சிங்கப்பூர் அளவிலும் அதற்குக் கீழும் மக்கள்தொகை கொண்ட நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். சிறிய நாடு என்றால் கணக்கும் சிறியதாக, தெளிவாக இருக்கும் என்று நம்பியதுதான் நான் செய்த தவறு போலிருக்கிறது.

லக்சம்பர்க்கில் தலைக்கு உற்பத்தி ஒரு இலட்சம் டாலரைத் தாண்டுகிறது, ஆனால் குடும்பங்களின் செலவோ அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். சிங்கப்பூரிலும் விகிதம் அதை ஒட்டியே இருக்கிறது. மறுபுறம் டோங்கா போன்ற பசிபிக் தீவு நாடுகளில் குடும்பச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியையே நெருங்குகிறது. ஐந்து இலட்சம் பேர் வாழும் மாலத்தீவுக்கு 2024-இல் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் அங்கே உண்டதும் குடித்ததும் இந்த எண்ணுக்குள் இருக்கின்றனவா? இருக்குமானால், ஒரு ஜெர்மானியர் தின்ற கடல் இறால் மாலத்தீவு மீனவரின் கணக்கில் ஏறிவிடாதா?

அட்டவணையைக் காட்டியபோது, "லக்சம்பர்க்காரர்கள் அவ்வளவு கஞ்சர்களா?" என்று ஒரு மாணவர் கேட்டார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். உண்மையில் என்னிடம் பதில் இல்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: பழைய புள்ளிக்காரர்

அம்மா, உங்கள் மாணவர் கேட்டது நல்ல கேள்வி. புள்ளியியல் துறையில் வீடு வீடாகச் சென்று செலவுக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தலைக்கு இவ்வளவு என்பது ஒரு பின்னம். பின்னம் என்று வந்துவிட்டால் மேலே இருக்கும் தொகுதியையும் கீழே இருக்கும் பகுதியையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். பெரிய நாட்டில் இரண்டும் பெரும்பாலும் ஒரே மக்களைக் குறிக்கும். பிரேசிலில் உற்பத்தி செய்பவரும் பிரேசிலில் குடியிருப்பவரும் அநேகமாக ஒருவர்தான். சிறிய நாட்டில் எல்லை வீட்டு வாசலுக்கு அருகிலேயே இருக்கிறது. வேலை ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமுமாக இருப்பவர்கள் பலர் என்பதால், தொகுதியில் ஒரு கூட்டமும் பகுதியில் வேறொரு கூட்டமும் உட்கார்ந்துவிடுகின்றன.

லக்சம்பர்க் இதற்கு மிகத் துலக்கமான சான்று. அந்நாட்டில் வேலை பார்ப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிரான்சிலும் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் குடியிருந்துகொண்டு நாள்தோறும் எல்லை கடந்து வருகிறவர்கள். எண்ணிக்கையில் இரண்டு இலட்சத்துக்கும் மேல், நாட்டின் மக்கள்தொகையோ ஏழு இலட்சத்துக்கும் குறைவு. அவர்கள் உழைப்பில் விளைந்தது முழுவதும் லக்சம்பர்க்கின் உள்நாட்டு உற்பத்தியில் சேர்கிறது, ஆனால் வகுக்கும்போது அவர்கள் தலைகள் எண்ணப்படுவதில்லை. மாலை ரயிலில் பிரான்சின் தியோன்வீலுக்கோ ஜெர்மனியின் ட்ரியருக்கோ திரும்பும் அந்த ஊழியர் வாங்கும் ரொட்டியும், அவர் பிள்ளைக்கு வாங்கும் காலணியும் பிரான்சின் நுகர்வு அல்லது ஜெர்மனியின் நுகர்வு. போதாக்குறைக்கு, அங்கே பதிவு செய்யப்பட்ட முதலீட்டு நிதியங்களும் நிறுவனங்களும் ஈட்டும் இலாபத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு உரிமையாளர்களுக்குப் போய்விடுகிறது. கஞ்சத்தனத்துக்கு இங்கே இடமே இல்லை, அந்த மாணவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. லக்சம்பர்க்கில் எரிபொருள் வரியும் புகையிலை வரியும் நெடுங்காலம் அண்டை நாடுகளை விடக் குறைவாக இருந்ததால், பக்கத்து நாட்டுக்காரர்கள் வண்டியை ஓட்டி வந்து தொட்டியை நிரப்பிக்கொண்டு போவது வழக்கம். நாட்டின் மண்ணில் நடந்த விற்பனையை அப்படியே கூட்டினால், ஒவ்வொரு லக்சம்பர்க்காரரும் இரவு பகலாகப் புகைத்துக்கொண்டு வண்டியோட்டுபவராகத் தெரிவார். ஆகவே தேசியக் கணக்கில் இரண்டு கருத்தாக்கங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாட்டின் எல்லைக்குள் யார் செலவழித்தாலும் கூட்டுவது ஒன்று. அந்நாட்டுக் குடியிருப்பாளர்கள் உலகில் எங்கே செலவழித்தாலும் சேர்த்துக்கொண்டு, வந்துபோனவர்கள் செலவழித்ததைக் கழித்துவிடுவது மற்றொன்று. உள்நாட்டு உற்பத்தியின் செலவினக் கணக்கில் குடும்ப நுகர்வு என்று நிற்க வேண்டியது இரண்டாவதுதான். எனவே உங்கள் ஜெர்மானியர் தின்ற இறால், விதிப்படி மாலத்தீவின் சேவை ஏற்றுமதியில் சேரும், ஜெர்மனியின் குடும்ப நுகர்விலும் சேரும்.

"விதிப்படி" என்பதை அழுத்திச் சொல்கிறேன். பல சிறிய நாடுகளில் குடும்ப நுகர்வை யாரும் நேரடியாக அளப்பதில்லை. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதி, அரசுச் செலவு, முதலீடு ஆகியவற்றைக் கழித்தபின் மிஞ்சுவதைக் குடும்ப நுகர்வு என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கில் பொருந்தாமல் போகும் வேறுபாடும் இந்தத் தலைப்பிலேயே சேர்ந்துவிடும் என்பதை உலக வங்கியே தன் குறிப்பில் சொல்கிறது. பயணிகளின் செலவைக் குறைத்து மதிப்பிட்டால், குறைந்த தொகை முழுவதும் உள்ளூர்க்காரர் உண்டதாக மாறிவிடும். வீட்டைப் பெருக்கிக் குப்பையை ஒரே மூலையில் ஒதுக்குவதைப் போல, எல்லாப் பிழையும் ஒதுங்கும் மூலை இதுதான்.

இன்னொன்று வீட்டு வாடகை. சொந்த வீட்டில் குடியிருப்பவரும் தமக்குத் தாமே வாடகை கொடுப்பதாகக் கொண்டு, அந்தக் கணிப்பு வாடகையையும் நுகர்வில் சேர்க்கிறார்கள். நிலம் குறைந்த நாட்டில் வாடகை ஏற ஏற, சொந்த வீட்டுக்காரர் ஒரு காசும் கூடுதலாகச் செலவழிக்காமலே அவருடைய நுகர்வு உயர்ந்துகொண்டே போகும்.

கடைசியாக, அரசு கொடுப்பது. லக்சம்பர்க்கில் 2020 மார்ச் முதல் பேருந்து, டிராம், ரயில் அனைத்திலும் இரண்டாம் வகுப்புப் பயணம் இலவசம். அதற்கு முந்தைய மாதம் வரை குடும்ப நுகர்வாக இருந்த பயணச்சீட்டுச் செலவு, மறுமாதம் அந்தத் தலைப்பிலிருந்து மறைந்துபோயிற்று, ஆனால் அதே மனிதர் அதே பேருந்தில்தான் போய்க்கொண்டிருந்தார். இதைச் சரிசெய்ய, கல்வி, மருத்துவம் போன்று அரசு தனி ஆட்களுக்காகச் செய்யும் செலவையும் சேர்த்து "உண்மையான தனிநபர் நுகர்வு" என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் இதை வெளியிடுகிறது. 2022-ஆம் ஆண்டுக்கான கணக்கில், விலை வேறுபாட்டை நீக்கிய பிறகு, லக்சம்பர்க்கின் தலைக்கு உற்பத்தி ஐரோப்பிய ஒன்றியச் சராசரியைப் போல் இரண்டரை மடங்கு. உண்மையான தனிநபர் நுகர்வோ சராசரியை விட ஏறத்தாழ 40 விழுக்காடு மட்டுமே கூடுதல். அதே அட்டவணையில் அயர்லாந்தையும் பாருங்கள். உற்பத்தியில் லக்சம்பர்க்குக்கு அடுத்த இடத்தில் நிற்கும் அந்நாடு, நுகர்வில் ஒன்றியச் சராசரிக்கும் கீழே இருந்தது. பன்னாட்டு நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்கள் ஒரு நாட்டை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

மறுமொழி 2: மாலேயிலிருந்து

மேலே ஐயா சொன்னவற்றை நான் நாள்தோறும் கிடங்கில் கண்ணால் பார்க்கிறேன் என்பதால் எழுதத் தோன்றியது. மாலேயில் ஒரு விடுதி நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

எங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் காய்கறியும் கட்டுமானப் பொருளும் வருவது நெடுநாளைய வழக்கம். முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு ஆகியவற்றோடு ஆற்று மணலையும் கருங்கல் சல்லியையும்கூட இன்ன அளவு அனுப்பலாம் என்று இந்திய அரசு தனி ஒதுக்கீடு தருகிறது, இந்த ஏற்பாடு 1981-இலிருந்து இருக்கிறது. மீனும் தேங்காயும் போக, இங்கே தட்டில் விழும் எதுவும் அநேகமாகக் கடல் கடந்து வந்ததுதான்.

இப்போது ஒரே சரக்கில் வந்து இறங்கும் வெங்காய மூட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை எங்கள் படகில் ஏறி விடுதித் தீவுக்குப் போகிறது. அங்கே அது பயணிகளின் சாப்பாட்டில் சேர்ந்து, சேவை ஏற்றுமதியாக டாலராகத் திரும்பி வருகிறது. இரண்டாவது மூட்டை மாலே சந்தைக்குப் போகிறது, அதை வாங்கிச் செல்லும் குடும்பத்தின் நுகர்வு அது. மூன்றாவது மூட்டையும் விடுதித் தீவுக்குத்தான் போகிறது, ஆனால் பின்பக்கம் இருக்கும் ஊழியர் உணவுக்கூடத்துக்கு. என்னைப் போன்றவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் தங்குமிடமும் சம்பளத்தின் ஒரு பகுதி. அப்படிச் சம்பளமாகக் கொடுக்கப்படும் சாப்பாடும் குடும்ப நுகர்வில்தான் சேர வேண்டும் என்று எங்கள் கணக்காளர் ஒருமுறை விளக்கினார். ஆனால் எங்கள் கொள்முதல் பட்டியலில் மூன்றாவது மூட்டைக்கும் முதல் மூட்டைக்கும் ஒரே தலைப்புதான் இருக்கிறது. எந்தப் புள்ளியியல் அலுவலர் வந்து அதைப் பிரிக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

முன்பெல்லாம் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்று இருந்ததால், பயணியின் செலவும் உள்ளூர்க்காரரின் செலவும் கடலாலேயே பிரிக்கப்பட்டிருந்தன. 2009-ஐ ஒட்டி மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்த பிறகு அந்த வேலி தளர்ந்துவிட்டது. மாஃபுஷி என்ற அப்படிப்பட்ட தீவில் ஒரே கடையில் பள்ளிப் பிள்ளையும் தண்ணீர்ப் புட்டி வாங்குகிறது, இத்தாலியப் பயணியும் வாங்குகிறார்.

அடுத்தது, யாரைக் கொண்டு வகுப்பது என்பது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்நாட்டில் 5,15,132 பேர். அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வெளிநாட்டவர், பெரும்பாலோர் வங்கதேசத்தவர். ஓர் ஆண்டும் அதற்கு மேலும் தங்குபவர்கள் கணக்கில் குடியிருப்பாளர்கள்தான். கட்டடத் தொழிலாளர்கள் ஓர் அறையில் பத்துப் பேராகப் படுத்து, சோறும் பருப்பும் சூரைமீனும் ஆக்கித் தின்று, மிச்சத்தை ஊருக்கு அனுப்புகிறார்கள். அனுப்பும் பணம் மாலத்தீவின் நுகர்வில் சேராது, ஆனால் அவர்கள் தலை மட்டும் வகுப்பதில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே சராசரி ஒரு மாலத்தீவுக் குடும்பத்தையும் காட்டுவதில்லை, ஒரு வங்கதேசத் தொழிலாளரையும் காட்டுவதில்லை.

செலவு அதிகம் என்பதற்கு நலம் அதிகம் என்று பொருள் கொள்ளக் கூடாது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். மாலேயில் என்னோடு வேலை பார்க்கும் உள்ளூர் நண்பர் தெற்கே ஒரு பவளத்தீவைச் சேர்ந்தவர். ஊரில் அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது. முற்றத்தில் முருங்கையும் கடலைப் பார்த்த ஊஞ்சலும் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்காக மாலேயில் இரண்டு அறை வீடெடுத்துச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகையாகக் கொடுக்கிறார். கணக்குப்படி அவருடைய நுகர்வு ஊரில் இருந்ததைப் போல் பல மடங்கு. அவரோ ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் அந்த ஊஞ்சலில் ஆடிவிட்டு வருவதற்காகவே விடுமுறையைச் சேர்த்து வைக்கிறார்.

அவருடைய தாயாரைக் கண் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் அழைத்துப் போனார். அங்கே எடுத்த அறை வாடகை, ஆட்டோ, சாப்பாடு, துணிமணி எல்லாம், ஐயா சொன்ன விதிப்படி, கேரளத்தில் செலவழிந்த மாலத்தீவு நுகர்வு. திரும்பி வரும்போது இரண்டு பெட்டிகள் கூடுதலாக இருந்தன.

மறுமொழி 3: நேர்கோடு

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. விலைவாசி வேறுபாட்டை நீக்குவதற்கென்றே வாங்கும் திறன் சமநிலை என்ற அளவு இருக்கிறது. உலக வங்கி ஒருங்கிணைக்கும் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டத்தின் 2021-ஆம் ஆண்டுச் சுற்றில் 176 பொருளாதாரங்கள் பங்கேற்று, முடிவுகள் 2024-இல் வெளியாகிவிட்டன. அந்த அட்டவணையில் உண்மையான தனிநபர் நுகர்வைத் தலைக்கு எடுத்துப் போட்டுவிட்டால் வகுப்புக்குப் போதும். இளநிலை மாணவர்களுக்கு வெங்காய மூட்டைகள் எதற்கு?

மறுமொழி 4: ஜுரோங் வாசி

நேர்கோடு அவர்கள் சொல்லும் அட்டவணை பயனுள்ளதுதான், ஆனால் அது விலையை மட்டும் திருத்துகிறது. யார் செலவு, எந்த நாட்டில், யார் தலையில் என்ற குழப்பம் அப்படியே இருக்கும். சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வாழ்பவன் என்ற முறையில் எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன்.

இங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடும்பச் செலவினக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2017/18-இல் ஒரு குடும்பத்தின் சராசரி மாதச் செலவு 4,906 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்). எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்தக் கணக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்கு வீட்டில் ஒவ்வொருவரும் வாங்கியதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும். காலைக் காப்பிக்கடைக் கோப்பிக்கும் பரோட்டாவுக்கும் கொடுத்த சில்லறையை யாரும் மறக்கவில்லை. மறந்தது எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் செலவழித்ததைத்தான். அந்த இரண்டு வாரங்களில் ஒரு சனிக்கிழமை பாலம் கடந்து போய், மளிகை, முடிவெட்டு, வண்டி கழுவுதல், இரவுச் சாப்பாடு எல்லாவற்றையும் மலேசிய ரிங்கிட்டில் முடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். பட்டியலை ஒப்படைப்பதற்கு முதல் நாள்தான் அது நினைவுக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது, ஜொகூரில் ஆகும் செலவு வெள்ளிக் கணக்கில் சிறியதாகவும் வீட்டுக்கு வந்த பொருள் பெரியதாகவும் இருக்கும். சிங்கப்பூர் விலையைக் கொண்டு அந்தக் குடும்பத்தின் நுகர்வைத் திருத்தினால் எப்படிச் சரியாகும்?

அரசாங்கத்துக்கு இது நன்றாகவே தெரியும். சிங்கப்பூர் வண்டி நிலவழியே மலேசியாவுக்குப் போகும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தாக வேண்டும் என்று 1991-இலிருந்து சட்டம் இருக்கிறது. முள் முக்காலுக்குக் கீழே இருந்தால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அபராதமும் உண்டு. ஒரு நாட்டின் குடும்ப நுகர்வு எல்லைக்கு வெளியே கசியாமல் இருக்கச் சுங்கத்துறையே பெட்ரோல் முள்ளைப் பார்க்கும் ஊர் இது.

விகிதம் ஏன் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நிற்கிறது என்பதற்கு முதற் காரணம், லக்சம்பர்க்கைப் போலவே, பன்னாட்டு நிறுவனங்களின் இலாபம். இரண்டாவது, மத்திய சேமநிதி. 55 வயது வரை உள்ள ஊழியருக்கு அவர் பங்கு 20 விழுக்காடும் முதலாளி பங்கு 17 விழுக்காடுமாகச் சம்பளத்தில் 37 விழுக்காட்டுக்கு இணையான தொகை, உச்சவரம்புக்கு உட்பட்டு, கைக்கு வராமலே நிதிக்குப் போய்விடுகிறது. அதிலிருந்துதான் பெரும்பாலோர் அடுக்குமாடி வீட்டின் தவணையைக் கட்டுகிறார்கள். வீட்டுத் தவணை நுகர்வு அல்ல. அதே வீட்டின் கணிப்பு வாடகைதான் நுகர்வு. என் மனைவி மாதந்தோறும் எழுதும் நோட்டில் தவணை முதல் வரியில் இருக்கிறது, கணிப்பு வாடகை எந்த வரியிலும் இல்லை. நாட்டின் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. இதை மட்டும் மாணவர்களுக்குப் புரியவைத்துவிட்டால் பாதி வகுப்பு முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

கேள்வியாளர்: பாடக்குறிப்பு

அனைவருக்கும் மிக்க நன்றி. நேர்கோடு ஐயாவின் பரிந்துரையையும் ஏற்கிறேன், அந்த அட்டவணையை ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் வெங்காய மூட்டைகளை விடுவதாக இல்லை. நாளை வகுப்பில் முதலில் அவைதான் இறங்கப்போகின்றன.

டோங்கா பற்றி யாரும் சொல்லவில்லையே. உற்பத்தி செய்வதை முழுவதும் உண்டுவிட்டால் முதலீடு எங்கிருந்து வரும்? அவர்கள் கடனில்தான் வாழ்கிறார்களா? தலைப்பில் "குடும்பங்களும் குடும்பங்களுக்குச் சேவை செய்யும் இலாப நோக்கற்ற நிறுவனங்களும்" என்று நீளமாக எழுதியிருப்பது எதற்கு என்பதையும் பழைய புள்ளிக்காரர் ஐயா விளக்க வேண்டும்.

மறுமொழி 5: பழைய புள்ளிக்காரர்

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது, அம்மா.

டோங்காவில் ஒரு இலட்சத்தை ஒட்டிய மக்கள்தான் வாழ்கிறார்கள். ஏறத்தாழ அதே அளவிலோ அதற்கு மேலோ டோங்கா வம்சத்தவர் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் போய்த் திரும்புபவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் நாட்டின் உற்பத்தியில் பத்தில் நான்கு பங்கு அளவுக்கு வருகிறது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. அது உள்நாட்டில் உற்பத்தியானது அல்ல என்பதால் உள்நாட்டு உற்பத்தியில் சேராது, ஆனால் அதைக் கொண்டு வாங்கிய மாவும் ஆட்டிறைச்சியும் குடும்ப நுகர்வில் முழுதாகச் சேரும். ஆகவே நுகர்வு உற்பத்தியை நெருங்கினாலும் தாண்டினாலும் அதைக் கடன் என்று சொல்ல முடியாது. ஆக்லாந்தில் ஒரு மகன் இரவுப்பணி பார்த்து அனுப்பிய பணம் அது. அந்த நாடுகளுக்கு நுகர்வை உற்பத்தியோடு ஒப்பிடுவதே பொருந்தாது. வெளியிலிருந்து வரும் பணமும் உதவியும் சேர்ந்த தேசியச் செலவிடத்தக்க வருமானத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்குப் போகிறது. டோங்காவின் சபைகளில் ஆண்டுக்கு ஒருமுறை "மிசினாலே" என்ற காணிக்கை நாள் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் கொடுத்த தொகையைச் சபையில் வெளிப்படையாக அறிவிப்பது வழக்கம் என்பதால், குறைவாகக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. கொடை என்பது கணக்கில் நுகர்வு அல்ல, கைமாற்றம் மட்டுமே. ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டு சபை மக்களுக்கு இலவசமாகச் செய்யும் சேவைகள், இலாப நோக்கற்ற நிறுவனங்களின் நுகர்வாகத் திரும்பி வருகின்றன. நீங்கள் கேட்ட நீளமான தலைப்பு இதற்காகத்தான். தேவாலயமும் தொழிற்சங்கமும் தொண்டு அமைப்பும் செய்வதைத் தனியே பிரித்துக் கணக்கிடப் பல நாடுகளால் முடிவதில்லை, ஆகவே குடும்பங்களோடு சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். பெரிய நாட்டில் இது சிறு தொகை. எல்லோரும் சபையில் இருக்கும் ஒரு தீவு நாட்டில் அப்படிச் சொல்ல முடியாது.

பணம் கைமாறாத நுகர்வும் இருக்கிறது. தன் தோட்டத்துச் சேம்பும் வள்ளிக்கிழங்கும், தான் பிடித்த மீனும், பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியில் அதிகாலையில் மரமேறி இறக்கும் தென்னம் பதநீரும் குடும்ப நுகர்வுதான். விற்றிருந்தால் என்ன விலை கிடைத்திருக்குமோ அந்த மதிப்பில் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் யாரும் விற்காத பொருளுக்கு விலையை எங்கே போய்க் கேட்பது? நான் வேலை பார்த்த காலத்தில் நம் கிராமங்களிலும் இதே பாடுதான். "வீட்டு மாட்டுப் பாலுக்கு என்னய்யா விலை?" என்று எத்தனையோ பேர் என்னைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். சிறிதாகக் குறித்தால் அந்தக் குடும்பம் ஏழையாகிவிடும், பெரிதாகக் குறித்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஏழையாகிவிடுவார். இந்தியாவில் பத்தில் ஒரு பங்காக இருக்கும் பிழை பத்தாயிரம் ஊர்களில் கலந்து தேய்ந்துபோகும். பத்தாயிரம் பேரளவே வாழும் துவாலு தீவு நாட்டில் தேய்வதற்கு இடமில்லை.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. மாலத்தீவு 2020 மார்ச் இறுதியில் பயணிகளுக்குக் கதவை மூடி ஜூலை நடுவில்தான் திறந்தது. அந்த ஆண்டில் மட்டும் உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கிற்று. அப்போது மாலேக்காரரின் சோற்றுத் தட்டு மூன்றில் ஒரு பங்கு சுருங்கியதா என்பதை நம் மாலே நண்பர்தான் சொல்ல வேண்டும்.

மறுமொழி 6: மாலேயிலிருந்து

ஐயா கேட்டதற்கு விடை: தட்டு சுருங்கவில்லை, தட்டில் இருந்தது மாறியது. அரிசி, மாவு, சர்க்கரை மூன்றும் மானிய விலையில் கிடைத்துக்கொண்டே இருந்தன. விடுதிகள் மூடிக் கிடந்ததால் அவற்றுக்குப் போக வேண்டிய மீன் உள்ளூருக்கே வந்தது. மறைந்துபோனவை வெளிநாட்டுப் பயணமும் புதுக் கைப்பேசியும் உணவகச் சாப்பாடும்தான். என் சம்பளம் சில மாதங்கள் பாதியாக வந்தது, ஊருக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். என் சாப்பாடு மட்டும் வழக்கம்போல் ஊழியர் உணவுக்கூடத்திலேயே நடந்தது. வாங்குவார் இல்லாமல் கிடங்கில் தேங்கிய முதல் மூட்டை வெங்காயத்தையும் அந்த மாதங்களில் நாங்களே தின்று தீர்த்தோம்.

கேள்வியாளர்: பாடக்குறிப்பு

அப்படியானால் ஏற்றுமதிக்கென்று வந்த வெங்காயம் அந்த ஆண்டு குடும்ப நுகர்வாக மாறியிருக்க வேண்டும், ஆனால் கொள்முதல் பட்டியலில் தலைப்பு மாறியிருக்காது, அப்படித்தானே? நாளை இதைத் தேர்வுக் கேள்வியாகவே கொடுத்துவிடுகிறேன்.

மறுமொழி 7: பழைய புள்ளிக்காரர்

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். விடைத்தாள்களில் நல்லதாக ஒன்றிரண்டு வந்தால் இங்கே பகிருங்கள், அம்மா.